திறப்பு

கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதினார்:
தினமும் அரை மணித்தியாலம் நடக்கவும்.
எங்கே என்று எழுதவில்லை.
எனக்குப் பின்னால் வாங்கில் இன்னும் நாற்பது பேர்.
நானும் கேட்கவில்லை.

நீர்வேலியில் நடக்கலாம்தான்.
பருத்தித்துறை றோட்டில் நடந்தால்
வாழைக்குலை லொறி தோளைத் தேய்த்துக்கொண்டு போகும்.
ஒழுங்கைக்குள் இறங்கினால்
சங்கக்கடை முடக்கில் ஐந்து நாய்கள்.
தோட்டக்கரையால் போனால்
ஒரே மோட்டார்சைக்கிளில் மூன்று பெடியள்
முந்திப் போய்
திரும்பி வந்து
மறுபடியும் முந்துவார்கள்.
எல்லாம் தாண்டினாலும்
ஒவ்வொரு படலையும் கேட்கும்:
எங்க பிள்ளை, இந்த நேரத்தில?

அதற்காகவே வெறும் பால்போத்தல் ஒன்றைக்
கையில் கொண்டு திரிந்தேன்.
நாற்பத்தாறு வயதில்
நடப்பதற்கு எனக்கொரு பொய் வேண்டியிருந்தது.

செல்வநிதி அப்படியில்லை.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
ஒரு கிழமை இருந்து எண்ணினாள்.
விளக்குக் கம்பம் பதினொன்று, எரிவது இரண்டு.
மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் டிப்பர் பத்தொன்பது.
நாய் கடித்தவர்கள் நாலு பேர், பெயரோடு.
கடைசி வரியில்
விளையாட்டுத் திடல் ஒன்று,
பூட்டு ஒன்று.

கழகக் கூட்டத்தில் அதை வாசித்தபோது
பின்வாங்கில் ஒருவர் சிரித்தார்:
"முத்தம் கூட்டுற நடை காணாதோ பெண்டுகளுக்கு?"
செல்வநிதி அதையும் எழுதிக்கொண்டாள்,
நேரத்தோடு.

நாலு மாதம் ஒன்றுமில்லை.
பிறகு பிரதேச சபை ஒரு பல்ப் போட்டது.
மூன்றாம் நாள் ஆரோ கல்லால் எறிந்து உடைத்தார்கள்.
இரண்டாவது பல்புக்கு
வெல்டிங் கடைக்காரர் கம்பிக்கூடு அடித்துத் தந்தார்,
கூலி வாங்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.
செயலாளர் திறப்பை நீட்டினார்.
"அஞ்சரைக்குத் திறந்து ஆறரைக்குப் பூட்ட வேணும்."

முதல் விடியல் ஆறு பேர்.
எல்லார் கையிலும் ஏதோ இருந்தது.
குடை. உமல். ஜெசிந்தாவிடம் செபமாலை.
என்னுடைய போத்தல்.
கோல் கம்பத்தடியில் எல்லாவற்றையும் வைத்தோம்.
வெறுங்கையை எப்படி வீசுவது என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
செம்மண்ணில் வட்டமாக
எங்கும் போய்ச் சேராத ஒரு பாதை.
அதில் நடக்க வெட்கமாக இருந்தது,
சும்மா இருந்து சாப்பிடுகிற மாதிரி.

மூன்றாம் சுற்றில் வதனா ஓடத் தொடங்கினாள்.
ஒரு செருப்புக் கழன்றது. மற்றதை அவளே உதறினாள்.
மூச்சு வாங்க வந்து நின்று சொன்னாள்,
கடைசியாக ஓடியது பங்கருக்குள் விழத்தானாம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த சுற்றுக்குப் போனோம்.

இரண்டாம் கிழமை கோணேஸ் அண்ணை
கேற்றுக்கு வெளியே நின்றார்.
ஜெயப்பூர்க் காலால்
வாய்க்காலைத் தாண்ட ஏலாது.
செல்வநிதி வீட்டுக் கோடிக்குள் கிடந்த
பழைய கதவொன்றைத் தூக்கி வந்து
குறுக்கே போட்டோம்.
பிணைச்சலோடு.

ஒருநாள் செல்வநிதிக்குக் காய்ச்சல்.
திறப்பு அவளிடம்.
ஆறு பேரும் கேற்றைப் பிடித்துக்கொண்டு
உள்ளே எரிகிற பல்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.
அன்று பின்னேரம் பஸ் ஏறி
யாழ்ப்பாணம் போய் ஏழு திறப்பு வெட்டுவித்தேன்.
செயலாளருக்குச் சொல்லவில்லை.
இனிச் சொல்லுவதாகவும் இல்லை.

சீனி இன்னும் இறங்கவில்லை.
டொக்டர் கொப்பியைப் பார்த்து
"நடக்கிறீங்களோ?" என்றார்.
ஓம் என்றேன், போத்தல் இல்லாமல்.

வெளியே வாங்கில் கோப்பாய்ப் பெண் ஒருத்தி
தன்பாட்டில் முணுமுணுத்தாள்:
"அரை மணித்தியாலமாம். எங்க போய் நடக்கிறது?"
என்னிடம் இருக்கிற திறப்பு
அவளுடைய ஊருக்குப் பொருந்தாது.
பக்கத்தில் போய் இருந்தேன்.
உங்கட பக்கம் திடல் இருக்கோ, பிள்ளை?
பூட்டு ஆரிட்ட?